பதினோரு நீல ஓட்டைகள்

முருகேசன் என்னிடம் போனில் பேசுவதில்லை. எனக்குக் காது கேட்காது என்பது அவனுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் எழுதித்தான் அனுப்புவான். போடிக்காரன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். என்னைப் போலவே விமானப்படையில் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன மாதம் இப்படி எழுதியிருந்தான்:

"அண்ணே, நல்லாருக்கீகளா? நம்ம குரூப்புல ஒரே சண்டை. இப்ப வர்ற பிளேனுக்குக் கன் எதுக்கு, மிசைல் போதுமேன்னு சின்னப் பயலுக கேக்குறாய்ங்க. நீங்க முப்பத்தேழு வருசம் கன்னோட கெடந்தவுக. நாலு வரி எழுதுங்கண்ணே."

நாலு வரியில் முடிகிற பதில்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் பீரங்கி என்று எழுதுவார்கள், நாங்கள் கன் என்போம். நான் பார்த்த விமானத்தின் வயிற்றில் இரட்டைக் குழல் கன் ஒன்று இருந்தது. இருநூறு குண்டு கொள்ளும். விசையை அழுத்திப் பிடித்தால் நாலு விநாடியில் அத்தனையும் தீர்ந்துவிடும். மிசைலோ கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருப்பவனைத் தேடிப் போய் அடிக்கிறது. இதில் இந்த இரும்புப் பாரத்தை எதற்குச் சுமக்க வேண்டும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். பெரிய நாட்டுக்காரர்களே ஒரு காலத்தில் அப்படி யோசித்துக் கன் இல்லாமல் விமானம் கட்டினார்கள். சண்டையில் பட்டபிறகு திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

காரணம் எளிது. மிசைலுக்கு ஓர் அளவு தூரம் வேண்டும். முகத்துக்கு முகம் வந்துவிட்டவனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதை வெப்பம் காட்டி ஏமாற்றலாம், கன் குண்டை எதைக் காட்டியும் ஏமாற்ற முடியாது. வழி தவறி எல்லைக்குள் வந்த ஒரு சின்ன விமானத்தின் மூக்குக்கு முன்னால் நாலு குண்டு விட்டு 'திரும்பிப் போ' என்று சொல்லலாம். மிசைலுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது, கொல்ல மட்டுமே தெரியும். இப்போது கூட்டம் கூட்டமாக வருகிற மலிவான டிரோன் ஒவ்வொன்றுக்கும் ஒரு மிசைல் விட்டுக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது.

இன்னொன்றும் உண்டு, அதைப் புத்தகத்தில் எழுத மாட்டார்கள். மிசைல் பட்டால் அதைச் செய்தவனுக்குப் பாதிப் பெருமை. கன் குண்டு பட்டால் முழுப் பெருமையும் அந்த விமானிக்கு. அவன் கண், அவன் கை, அவன் மூச்சு. பட்டதா இல்லையா என்பது அவன் யார் என்பதையே சொல்லிவிடும். அப்படிப்பட்ட ஒன்றை நான் ஒருவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். முருகேசன் கேட்டது நாலு வரி. மிச்சம் நானாக எழுதுவது.

நான் உத்தமபாளையம் பக்கத்துக்காரன். ஊரில் பாதிப் பேர் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து வாத்தியார் ஆனார்கள். எனக்குக் கணக்கு வராது, அதனால் பதினெட்டு வயதில் விமானப்படைக்குப் போனேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் வருடம் இந்தி தெரியாமல் அடி வாங்கினேன், இரண்டாம் வருடம் இந்தி தெரிந்து அடி வாங்கினேன். வெளியே வந்தபோது கண்ணைக் கட்டிவிட்டாலும் கன்னைப் பிரித்துக் கோக்கத் தெரிந்திருந்தது.

அப்புறம் மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் பல்வந்த் சிங்கிடம் போய்ச் சேர்ந்தேன். ஆறடி உயரம், வெள்ளைத் தாடி. அவர் திட்டி நான் பார்த்ததே இல்லை. தேநீரை பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டே, "ஒரு சுற்று சுற்றிவிட்டு வா" என்பார். அவ்வளவுதான். விமானத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வரவேண்டும். என்ன தப்பு என்று அவர் சொல்ல மாட்டார். சுற்றி முடிப்பதற்குள் நமக்கே தெரிந்துவிடும். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தச் சுற்று இன்னும் காலில் இருக்கிறது.

வானத்தில் சுட்டுப் பழகுவது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு விமானம் நீளமான கம்பியில் பேனரை இழுத்துக்கொண்டு போகும். பேனர் என்பது முப்பது அடி நீள வலை. நாலு விமானிகள் மாறி மாறிப் பாய்ந்து அதைச் சுடுவார்கள். கடைசியில் பேனரை ஓடுபாதை ஓரத்தில் அறுத்துப் போடுவார்கள். ஓட்டைகளை எண்ண வேண்டும். ஆனால் எந்த ஓட்டை யாருடையது?

அங்கேதான் எங்கள் வேலை வருகிறது. ஒவ்வொரு விமானத்தின் குண்டுகளுக்கும் ஒவ்வொரு நிறம். பெயிண்டில் கொஞ்சம் கிரீஸ் கலந்து குழம்புப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் நிறம் ஒட்டாது, காயாவிட்டால் கன்னுக்குள் வழிந்து சிக்கிக்கொள்ளும். குண்டின் மூக்கு மட்டும் நனையும்படி முக்கி எடுத்து, பெல்ட்டைத் தொங்கவிட்டு, நகத்தால் தொட்டுப் பார்த்து ஏற்ற வேண்டும். குண்டு வலையைத் துளைக்கும்போது ஓட்டையின் ஓரத்தில் அந்த நிறம் ஒட்டிக்கொள்ளும்.

பல்வந்த் சிங்குக்கு இதில் இரண்டு கட்டாயங்கள் இருந்தன. எந்த நிறம் யாருக்கு என்று விமானிகளுக்குச் சொல்லக் கூடாது. தெரிந்தால் பேனரைப் பார்த்த உடனே அவரவர் ஓட்டைக்குச் சண்டை பிடிப்பார்கள். நிறத்துக்கு நேரே விமானியின் பெயர் எழுதிய காகிதம் எண்ணுகிற மேசையில் மட்டும் இருக்கும். இரண்டாவது, எண்ணி முடித்த எண்ணை மூன்று வாய் சொன்னால்தான் பதிவேட்டில் ஏறும். எண்ணியவர் ஒருமுறை, சுட்ட விமானி ஒருமுறை, இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் ஒருமுறை. மூன்றாம் ஆளாக அந்தப் பக்கம் போகிற சமையல்காரரையோ லாரி டிரைவரையோ கூப்பிட்டு நிறுத்துவார். அவர்களும் ஓட்டைகளை விரல் வைத்து எண்ணிவிட்டு, என்ன ஏது என்று தெரியாமல் "ஏழு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

எங்கள் படைப்பிரிவில் ஃப்ளையிங் ஆபீசர் குரியன் என்று ஒருவர் இருந்தார். மலையாளி, கோட்டயத்துக்காரர். குள்ளமான ஆள், யாரையும் நிமிர்ந்து பார்த்துத்தான் பேசுவார். எனக்குக் குமுளி பக்கத்து மலையாளம் வரும் என்று தெரிந்ததிலிருந்து என்னோடு இரண்டு வார்த்தை பேசாமல் விமானத்தில் ஏற மாட்டார். அருமையாக ஓட்டுவார். ஆனால் பேனர் சுடுவதில் இரண்டு முறை தவறியிருந்தார். மூன்றாவதிலும் தவறினால் சண்டை விமானத்திலிருந்து இறக்கிச் சரக்கு விமானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவருடைய அப்பா பழைய பட்டாளத்துக்காரர், மகன் சண்டை விமானம் ஓட்டுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார் என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார்.

அந்த மூன்றாவது நாள், குரியனுக்குப் பன்னிரண்டாம் எண் விமானம், சிவப்பு. பண்டாரி என்ற இன்னொரு இளம் விமானிக்குப் பதினேழாம் எண், நீலம். பெல்ட்டுகளை முக்கியதும் ஏற்றியதும் நான்தான். பண்டாரி ஓங்குதாங்கான ஆள். பதினேழில் ஏறி உட்கார்ந்தார், இருக்கை மேலேயே சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தது. தலைக்கவசம் கண்ணாடிக் கூரையில் இடித்தது. பறக்கத் தடையில்லை, குள்ளமானவர் உட்காரலாம் என்றார் பொறியாளர். பேனர் இழுக்கும் விமானம் ஏற்கெனவே மேலே போய்விட்டது. நேரமில்லை. இரண்டு பேரும் இறங்கி ஓடி விமானத்தை மாற்றிக்கொண்டார்கள்.

குரியன் பதினேழின் ஏணியில் ஏறும்போது என் தோளைத் தட்டி, "சவரி, பேப்பர்ல பேரு மாத்தணும், கேட்டோ" என்றார்.

அப்புறம் இன்ஜின் சத்தம். கன்னின் பாதுகாப்பு ஊசியை உருவி, சிவப்பு ரிப்பனோடு தூக்கி அவருக்குக் காட்டினேன். அவர் விரலால் காற்றில் எழுதுவதுபோலக் காட்டினார். பெயரை ஞாபகப்படுத்துகிறார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

மேசைக்குப் போன் செய்ய வேண்டும், அரை நிமிட வேலை. அதற்குள் பக்கத்து விமானத்தில் எரிபொருள் ஒழுகுகிறது என்று கத்தினார்கள், ஓடினேன். மறந்துவிட்டேன். இத்தனை வருடம் யோசித்தும் இதற்கு மேல் நல்ல காரணம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

மாலையில் பதினேழின் கன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியில் நீலம். அப்போது ஒருவன் சைக்கிளில் வந்து முடிவைச் சொன்னான்: பண்டாரி பதினொன்று, குரியன் சைபர். பண்டாரியே நம்ப முடியாமல் நின்றாராம். குரியன் 'சைபர்' என்று தன் வாயால் சொன்னாராம். மூன்றாம் வாயாகத் தீயணைப்பு வண்டி டிரைவர்.

என் கையில் நீலத் துணி. பதினேழை ஓட்டியவர் குரியன். அந்தப் பதினொன்றும் அவருடையது. என் கட்டைவிரலை நம்பி, பெயர் மாறியிருக்கும் என்று அவர் கேட்காமலே விட்டிருக்கிறார்.

உடனே மேசைக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. என் சட்டைப் பையில் விடுமுறைச் சீட்டு இருந்தது. அன்று சாயங்காலம் ரயில். ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு ஞானஸ்நானம், பிறந்து ஐந்து மாதம் ஆகியும் முகம் பார்க்காத பிள்ளை. இப்போது வாய் திறந்தால் விசாரணை, விடுமுறை போச்சு. திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம், பன்னிரண்டு நாளில் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று நினைத்தேன். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வீட்டில் எல்லோரும் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஆரோக்கியம் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். "என்னங்க, பச்சப் புள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு எங்கனயோ பாத்துக்கிட்டு இருக்கீக?" என்றாள். அவளிடம் சொன்னேன். பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "அந்த மனுசன் உங்க கையத்தான நம்பிப் போனாக. இன்னைக்கே ஒரு தந்தி அடிச்சிருங்க" என்றாள். தந்தியில் எப்படிச் சொல்வது என்று நான் சாக்குச் சொன்னேன்.

திரும்பிப் போனபோது குரியனின் அறை பூட்டியிருந்தது. மூன்று நாளைக்கு முன்னால்தான் போயிருக்கிறார், சரக்கு விமானத்துக்கு.

பல்வந்த் சிங்கிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்க் மூடியைக் கீழே வைத்தார். "ஒரு சுற்று சுற்றிவிட்டு வா" என்றார். அங்கே விமானம் இல்லை. பதினேழு அப்போது வானத்தில் இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த வெறும் சிமெண்டுத் தரையை நான் சுற்றி வந்தேன். திரும்பி வந்தபோது அவர் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கமாண்டரிடம் போனோம்.

குரியனை மாற்றிய உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தது, திருப்ப முடியாது என்றார்கள். குரியன் தன் வாயால் சைபர் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எந்த நிறம் எந்த விமானத்தில் ஏறியது என்பதற்கு என் பேச்சைத் தவிர வேறு சாட்சி இல்லை. பண்டாரியை மறுபடி சுடச் சொன்னார்கள், அவர் நன்றாகவே சுட்டுக் காட்டிவிட்டார். எனக்குக் கடுங்கண்டனம், பதவி உயர்வு தள்ளிப்போனது. அது பெரிய விஷயமில்லை.

அந்தப் பேனரைக் கழித்துப்போட்டு சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். பல்வந்த் சிங் போய் அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்தார். நடுவில் ஓர் ஓட்டை, ஓரத்தில் நீலம். குரியனின் புது முகவரியையும் எழுதிக் கொடுத்தார்.

"இந்தக் கடிதத்தை அரசாங்கம் எழுதாது. நானும் எழுத மாட்டேன். நீ எழுதி, இதை உள்ளே வைத்து அனுப்பு."

நான் எழுதவில்லை. எழுதாமல் இல்லை, எழுதி எழுதிக் கிழித்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதைத் தாண்டினால் அடுத்த வரியில் நான் கோழை என்று எழுத வேண்டியிருந்தது. யாராவது சொல்லியிருப்பார்கள், எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கும் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். ஊர் மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, மற்றப் பாவங்களோடு இதையும் சொன்னேன். "என்கிட்ட சொன்னா எப்படி? அவருகிட்டல்ல சொல்லணும்" என்றார். ஆரோக்கியம் ஒவ்வொரு தவக்காலத்திலும், "எழுதியாச்சா?" என்று கேட்பாள். ஓய்வு பெற்று வந்தபிறகும் கேட்டாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது கேட்க ஆளில்லை. மகள் கனடாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். நான் அவள் வாயைப் பார்த்துத் தலையாட்டுவேன். மற்ற நாட்களில் யாராவது வாசல் மணியை அடித்தாலும் எனக்குத் தெரிவதில்லை. டிவியில் எழுத்து ஓடும், அதைப் படித்துக்கொண்டே சாப்பிடுவேன்.

குரியன் குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் இருக்கிறார் என்பது எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். போடி ஏலக்காய் ஏலத்துக்கு வந்த குரியன் என்ற பழைய விமானப்படை ஆபீசரைப் பார்த்ததாக முருகேசன்தான் சொன்னான். ஒரு மணி நேரப் பயணம். முகவரி தெரியாது, தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது. அப்படியும் நான் போகவில்லை.

முருகேசன் கேட்ட நாலு வரியை எழுத உட்கார்ந்தபோது, 'கன் குண்டு பட்டால் முழுப் பெருமையும் விமானிக்கு' என்று என் கையே எழுதிவிட்டது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. மறுநாள் காலை, இத்தனை வருடம் வைத்திருந்த அந்தப் பேனர்த் துண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சசக் குழாய்களைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அடைக்கக் காது ஏது? பெயருக்கு மாட்டியிருந்த காதுக்கருவி மட்டும் வீல் வீல் என்று கத்துவதாகப் பக்கத்து சீட்டுக்காரர் சைகை காட்டினார்.

அவர் வாசலில் ஏலக்காய் காயவைத்த சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்து, இன்னும் குள்ளமாகியிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "சவரியோ?" என்றார். அவராகவே தேநீர் போட்டார். அந்த வீட்டிலும் ஒரே ஒரு டம்ளர்தான் வெளியே இருந்தது, இன்னொன்றைத் தேடி எடுத்துக் கழுவினார்.

பேனர்த் துண்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னேன். இருக்கை சிக்கியதிலிருந்து ரயில் ஏறியது வரை ஒன்றையும் விடவில்லை. என் குரல் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது.

யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அவர் அந்தத் துண்டை எடுத்து ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். அதை மேசைமேல் நீவி வைத்தார். பிறகு, என் காதுக்கருவியைக் கண்டு, நான் உதட்டைப் படிக்க வேண்டும் என்பதற்காக என் முகத்துக்கு நேரே திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"நான் அப்பச்சன்கிட்ட போய், 'எனக்குச் சுட அறியில்லா'ன்னு சொன்னேன். 'சாரமில்லடா, பரவால்ல'ன்னார். அப்புறம் அவர் ஊரில யார்கிட்டயும் என்னைப் பற்றிப் பேசலை. அப்படியே செத்துப்போனார்."

மன்னித்துவிடுங்கள் சார் என்றேன். அவர் துண்டைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார். மன்னிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கொஞ்சம் கழித்து, "எத்தர?" என்று கேட்டார். அதுவரை எண்ணிக்கையை நான் சொல்லவே இல்லை.

"பதினொன்று, சார்."

பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். "சார், நீங்க வாயால சொன்னாத்தான் எழுதலாம். பல்வந்த் சிங் மொற" என்றேன். அவர் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பதினொந்நு" என்றார்.

நான் எழுதப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "மூணாமத்த ஆள் எவிட?" என்றார். வாசலுக்குப் போய்த் தோட்டத்தைப் பார்த்து யாரையோ கூப்பிட்டார். அன்று வேலைக்கு ஆள் வராத நாள். ஒருவரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். இரண்டு கிழவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். பஸ் நகரும்போது கட்டைவிரலைத் தூக்கப் போனேன். தூக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் எழுதாமல் இருக்கிறது. என் வீட்டில் சொல்ல ஆளில்லை, அவர் வீட்டிலும் இல்லை. முருகேசா, நீ இந்தக் குண்டையும் முக்கியதில்லை, அந்தப் பேனரையும் பார்த்ததில்லை. உனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். இதைப் படித்து முடித்ததும் ஒருமுறை வாய்விட்டு அந்த எண்ணைச் சொல். எனக்குக் கேட்காது, சொல்லிவிட்டேன் என்று எழுதி அனுப்பு. பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.